திரையில் ஓர் எண்: பிரேக் பேலன்ஸ் பிறந்த கதை

1982-இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் 'போல் பொசிஷன்' என்ற ஆர்கேட் ஆட்டத்தை வெளியிட்டது. உட்கார்ந்து ஓட்டும் பெட்டியில் இரண்டு பெடல்கள். ஒன்று ஆக்சிலரேட்டர், இன்னொன்று பிரேக். ஃபூஜி ஸ்பீட்வேயின் வளைவு நெருங்கும்போது பிரேக்கை மிதித்தால் வேகம் குறையும். அதற்கு மேல் அந்தப் பெடலுக்கு வேலை கிடையாது. முன் சக்கரம் எவ்வளவு பிடித்தது, பின் சக்கரம் எவ்வளவு பிடித்தது என்று அந்த ஆட்டத்திடம் கேட்கவே முடியாது. படத்தில் டயர்கள் உருண்டன. உள்ளே ஓடிய கணக்கில் அந்தக் கார் வேகம் கொண்ட ஒரு புள்ளி, அவ்வளவே.

இன்று ஐரேசிங், அசெட்டோ கோர்ஸா கொம்பெடிசியோனே போன்ற சிமுலேட்டர்களில் ஒரு ரேஸ் காரை எடுத்தால், டிஸ்ப்ளேயின் ஒரு மூலையில் 56.4 என்றோ 58.0 என்றோ ஓர் எண் எரிந்துகொண்டிருக்கும். அதுதான் பிரேக் பேலன்ஸ். 58 என்றால், பிரேக்கில் 58 பங்கு முன் சக்கரங்களுக்கு, மீதி 42 பின் சக்கரங்களுக்கு. ஸ்டியரிங்கில் ஒரு பட்டனைத் தட்டினால் எண் இம்மியளவு நகரும். அடுத்த வளைவில் காரின் குணமே மாறியிருக்கும்.

புதிதாக ஆட வருகிறவர்களில் பலர் இதைப் பிரேக்கின் பலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணைக் கூட்டினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்பிக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இது பலத்தைச் சொல்லும் எண் இல்லை. பங்கைச் சொல்லும் எண். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் அதே அளவு இறங்கியாக வேண்டும். கார் ஆட்டங்களில் உள்ள எத்தனையோ அளவுகளில் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை தானாகத் திறந்துகொள்ளும் என்பது என் திடமான எண்ணம். இந்த எண் திரைக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. அதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

தொடக்கக் காலக் கார்களில் பங்கு போட ஒன்றுமே இல்லை. பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். முன் சக்கரம் திரும்புகிற சக்கரம். திரும்பிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குக் கம்பியாலும் தண்டாலும் பிரேக் விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும் பாடு. அதைவிடப் பெரிது பயம். முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே, தலைகுப்புறப் போவாய் என்று சைக்கிள் பழகும் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே பயம் அன்று கார் கட்டுகிறவர்களுக்கும் இருந்தது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் ஆர்ரல்-ஜான்ஸ்டன், ஆர்கைல், இத்தாலியின் இசோட்டா ஃப்ராஸ்கினி என்று ஒருசில நிறுவனங்கள்தான் துணிந்து நான்கு சக்கரங்களிலும் பிரேக் வைத்தன.

பந்தயத்தில் இது பெரிய அளவில் பரீட்சை எழுதியது 1914 ஜூலை 4 அன்று, லியோன் நகருக்கு அருகே நடந்த ஃபிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில். ஒரு சுற்று 37 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் 20 சுற்று. பெஜோ, டெலாஜ், ஃபியட் கார்களில் நான்கு சக்கரப் பிரேக். ஜெர்மனியிலிருந்து வந்த மெர்சிடீஸ் கார்களில் முன் சக்கரங்களில் பிரேக் இல்லை. முடிவைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: முதல் மூன்று இடங்களும் மெர்சிடீஸுக்கு. பெஜோவின் ஜார்ஜ் புவாயோ கடைசிச் சுற்று வரை போராடி, கார் பழுதாகி வழியில் நின்றுபோனார். பெஜோக்களை டயர் தொல்லையும் விடாமல் படுத்தியது. நல்ல பிரேக் வைத்தவர் தோற்றார். ஆனாலும் அந்தப் பிரேக்கை யாரும் கைவிடவில்லை. உலகப் போர் முடிந்து பந்தயங்கள் திரும்பியபோது நான்கு சக்கரப் பிரேக் ஊன்றி நின்றுவிட்டது.

1921-இல் அடுத்த படி. லெ மான் நகரில் நடந்த ஃபிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை அமெரிக்க டியூசன்பர்க் காரில் ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். அந்தக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் விசையைக் கொண்டுபோனது கம்பி அல்ல, குழாய்க்குள் அடைத்த திரவம். கம்பியால் இழுக்கும் பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். காலையில் சரிபார்த்தது மதியம் தளர்ந்திருக்கும். திரவத்திற்கு அந்த வம்பு இல்லை. மூடிய குழாயில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றே. அப்படியானால் முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு எங்கிருந்து வரும்? சக்கரத்தருகே உள்ள சிலிண்டரின் விட்டத்திலிருந்து. முன்னால் பெரிய சிலிண்டர், பின்னால் சிறியது. பங்கு கார் கட்டும் இடத்திலேயே இறுகிவிட்டது. பின்னால் அதை மாற்ற நினைத்தால் காரைப் பிரித்தாக வேண்டும்.

அந்தப் பங்கு ஏன் ஒரே இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது? இந்தக் கணக்கை நிதானமாகப் பார்ப்பது நல்லது. சிமுலேட்டருக்குள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஓடுவது ஏறக்குறைய இதுவே.

1,000 கிலோ எடையுள்ள கார். நிற்கும்போது முன் அச்சின்மேல் 500, பின் அச்சின்மேல் 500. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.5 மீட்டர். காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். இப்போது புவியீர்ப்பின் அளவுக்கு, அதாவது 1 ஜி அளவுக்கு, பிரேக் பிடிக்கிறோம். எடை முன்னால் சாய்கிறது. எவ்வளவு? எடையை எடை மையத்தின் உயரத்தால் பெருக்கி அச்சு இடைவெளியால் வகுத்தால் 200 கிலோ. முன் அச்சில் 700, பின் அச்சில் 300. ஒரு டயர் எவ்வளவு பிடிக்கும் என்பது அதன்மேல் எவ்வளவு சுமை என்பதைப் பொறுத்தது. ஆகவே நான்கு டயரும் தங்களால் முடிந்ததை முழுதாகத் தர வேண்டுமானால் பங்கு 70-க்கு 30.

மழை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். ஈரத்தில் டயருக்குப் பிடிப்பு இல்லை, 0.4 ஜிக்கு மேல் பிரேக் பிடிக்க முடியவில்லை. அப்போது சாய்வது 80 கிலோதான். முன்னால் 580, பின்னால் 420. சரியான பங்கு 58-க்கு 42. கார் அதேதான், ஓட்டுகிறவரும் அவரேதான். ஆனால் பங்கு 12 புள்ளி பின்னால் நகர்ந்துவிட்டது. வறண்ட தரைக்கு வைத்த 70-ஐ மழையிலும் அப்படியே விட்டால் முன் டயர்கள் தாங்க முடியாத அளவுக்கு வாங்கி லாக் ஆகும், அதாவது சுழலாமல் நின்றுபோகும்; பின் டயர்களோ தங்களால் முடிந்ததை முழுதாகத் தராமல் உருண்டுவரும்.

முன் சக்கரம் லாக் ஆனால் கார் நேராகப் போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. ஆனால் மூக்கு முன்னோக்கியே இருக்கும். பின் சக்கரம் லாக் ஆனால் கதை வேறு. உருளாமல் தேய்ந்து வரும் டயருக்குப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் சக்தி போய்விடுகிறது. காரின் வால் முன்னால் வரப் பார்க்கும். ஒரு நொடிக்குள் நீங்கள் வந்த வழியைப் பார்த்து நிற்பீர்கள். இதனால்தான் வீட்டுக் கார்களைச் செய்கிறவர்கள் பங்கை எப்போதும் முன்பக்கமாகவே வைக்கிறார்கள். நேராகப் போய் முட்டுவது சுழன்று முட்டுவதைவிடத் தேவலை. பந்தயக்காரர் அந்தப் பாதுகாப்பில் கொஞ்சத்தை விற்று நேரம் வாங்குகிறார். பின் சக்கரம் லாக் ஆகும் விளிம்புக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பதே அவர் கேள்வி. விளிம்போ ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறுகிறது. பெட்ரோல் தீர்கிறது, டயர் தேய்கிறது, தரை காய்கிறது.

அதற்குத் தீர்வாக வந்த கருவி மிக எளியது. நான் பார்த்த இயந்திர யோசனைகளில் இதற்குத் தனி மரியாதை வைத்திருக்கிறேன். பெடலுக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்: ஒன்று முன் பிரேக்குக்கு, ஒன்று பின் பிரேக்குக்கு. இரண்டையும் குறுக்கே ஒரு கம்பி இணைக்கிறது. பெடல் அந்தக் கம்பியின் நடுவில் தள்ளினால் இரண்டு சிலிண்டருக்கும் சம விசை. தள்ளும் இடம் முன் பிரேக் சிலிண்டர் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் அதற்கு அதிகம், மற்றதற்குக் குறைவு. கம்பியில் மரை போட்டிருப்பதால் திருகினால் அந்த இடம் நகரும். இதற்குப் பேலன்ஸ் பார் என்று பெயர். மொத்தம் மாறாது, பங்கு மட்டும் மாறும். திரையில் நாம் பார்க்கும் எண்ணின் நேரான மூதாதை இந்தத் திருகாணிதான்.

முதலில் அதை மெக்கானிக் பிட்டில் வைத்துத் திருகினார். பிறகு ஒரு கேபிள் வழியாக அது காக்பிட்டுக்குள் வந்து, ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் குமிழாகவும் லீவராகவும் மாறியது. அங்கே பிறந்தது ஒரு புதிய வேலை. ஓட்டிக்கொண்டே, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில், காரை மாற்றுவது.

கைக்கெட்டியதால் வந்த வினையும் உண்டு. 2021 ஜூன் 6, பாகு நகரத்தில் அஜர்பைஜான் கிராண்ட் ப்ரீ. ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் டயர் வெடித்துப் பந்தயம் நிறுத்தப்பட்டு, இரண்டே சுற்றுக்காக மறுபடி தொடங்கியது. லூயிஸ் ஹாமில்டன் இரண்டாவது இடத்திலிருந்து பாய்ந்து, செர்ஜியோ பெரெஸுக்கு இணையாக முதல் வளைவை நெருங்கினார். அவர் ஓட்டிய மெர்சிடீஸின் ஸ்டியரிங்கில் 'பிரேக் மேஜிக்' என்று ஓர் அமைப்பு இருந்தது. மெதுவாக ஓடும் சுற்றில் முன் பிரேக்கைச் சூடாக்குவதற்காகப் பங்கைப் பெருமளவு முன்னால் தள்ளிவிடும். அவர் கை தெரியாமல் அதன்மேல் பட்டிருந்தது. பிரேக்கை மிதித்தார். முன் டயர்கள் புகை கக்கின. கார் வளைவைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போனது. ஏழு முறை உலகச் சாம்பியனான ஒருவர் 15-ஆவதாக முடித்தார், பெரெஸ் ஜெயித்தார். முன் சக்கரம் லாக் ஆனால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

(இதே குடும்பத்தில் இன்னொரு விசித்திரக் கருவி உண்டு. 1997-இல் மெக்லாரன் காரில் ஒரு கூடுதல் பெடல் இருந்தது. அது ஒரு பக்கத்துப் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். அதாவது பங்கு முன்-பின்னாக அல்ல, இடம்-வலமாக. ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டிய இடத்தில் பின் பிரேக் சிவந்து ஒளிர்வதைப் புகைப்படத்தில் கண்ட டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், பிறகு காலி காக்பிட்டுக்குள் கேமராவை நீட்டி அந்தப் பெடலையே படமெடுத்துவிட்டார். 1998 பருவத்தின் தொடக்கத்தில் அது தடை செய்யப்பட்டது.)

பட்டறைக் கதை இதுவரை. இனி கம்ப்யூட்டர்.

இங்கிலாந்தில் ஜெஃப் கிராமண்ட் என்ற இயற்பியல் படித்த எஞ்சினியர் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதத் தொடங்கினார். 2 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 32 கிலோபைட் நினைவகம். அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த ஏகார்ன் நிறுவனம் அப்போது ஃபார்முலா 3 ஓட்டுநர் டேவிட் ஹன்ட்டுக்கு ஸ்பான்சர். முன்னாள் உலகச் சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட்டின் தம்பி அவர். அந்தத் தொடர்பில் 1984-இல் பிறந்தது 'ரெவ்ஸ்'. ஒரே ஒரு டிராக், சில்வர்ஸ்டோன். ஆனால் அந்த டிராக்குக்கு மேடுபள்ளம் இருந்தது, காருக்கு எடை இருந்தது, வளைவில் டயருக்கு ஓர் எல்லை இருந்தது. முன் இறக்கையையும் பின் இறக்கையையும் ஆடுகிறவர் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் காரை ஓட்டுவதோடு காரைத் தயார்செய்யும் வேலையும் கைக்கு வந்த தொடக்க ஆட்டங்களில் ஒன்று அது. பிரேக் மட்டும் இன்னும் ஒன்றாகவே இருந்தது.

1991-இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட அவருடைய 'ஃபார்முலா ஒன் கிராண்ட் ப்ரீ' அமிகாவிலும் அட்டாரி எஸ்டியிலும் வந்தது, அடுத்த ஆண்டு பிசிக்கு. 16 டிராக்குகள். செட்டப் மெனுவைத் திறந்தால் இறக்கைகள், கியர் விகிதங்கள், டயர்கள், இவற்றோடு பிரேக் பேலன்ஸ். முன்னால், பின்னால் என்று நகர்த்தும் ஓர் அளவு. இந்த ஒரு வரி எனக்கு முக்கியம். அதுவரை ஓட்டுநருக்கும் அவருடைய எஞ்சினியருக்கும் இடையே மட்டும் பேசப்பட்ட ஒரு விஷயம், படுக்கையறையில் ஜாய்ஸ்டிக் பிடித்திருந்த பதினைந்து வயதுப் பையனின் கைக்கு வந்தது. ஏதோ ஒரு நாள் மொனாக்கோவில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வால் வீசுகிறது, என்ன செய்யலாம் என்று அவன் அந்த மெனுவைத் திறந்து பார்த்திருப்பான். செட்டப்பை டிஸ்கில் சேமித்தும் வைக்கலாம் என்பதால், ஒவ்வொரு டிராக்குக்கும் தனிக் காரைப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கமும் வந்தது.

ஆனால் மெனுவில் ஒரு வரி இருப்பதும் அந்த வரிக்குக் கீழே உண்மையான இயற்பியல் ஓடுவதும் ஒன்றல்ல. ஆட்டத்தில் ஒரு நகர்த்துகோலை வைத்து, அதை நகர்த்தினால் கார் சற்றே சுழலும் என்று எழுதிவிட யாராலும் முடியும். அந்த எண் மெய்யாக வேண்டுமானால் நான்கு டயர்களுக்கும் நான்கு சுமை, நான்கு சுழற்சி வேகம், நான்கு பிடிப்பு எல்லை என்று தனித்தனியே கணக்கு ஓட வேண்டும். என் பார்வையில் பிரேக் பேலன்ஸ் திரையில் முழுதாகப் பிறந்தது அந்த நிலை வந்த பிறகுதான்.

அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த டேவிட் கேமர். ஓமர் குடாரியோடு சேர்ந்து பப்பைரஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1989-இல் 'இண்டியானாபொலிஸ் 500', 1993-இல் 'இண்டிகார் ரேசிங்', 1994-இல் 'நாஸ்கார் ரேசிங்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு படி ஏறினார். உச்சம் 1998-இல் வந்த 'கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்'. 1967 பருவத்தின் ஃபார்முலா 1 கார்கள். இறக்கை கிடையாது, காற்றழுத்தம் காரைத் தரையோடு அழுத்தாது. ஒல்லி டயர், பெரிய எஞ்சின். ஜிம் கிளார்க் ஸாண்ட்வூர்ட்டில் முதல் ஓட்டத்திலேயே ஜெயித்த லோட்டஸ் 49 அதில் உண்டு. 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய நூர்பர்க்ரிங்கும் உண்டு.

அந்த ஆட்டத்தை முதன்முதலாக ஓட்டியவர்கள் பெரும்பாலோர் முதல் வளைவையே தாண்டவில்லை. பிரேக்கை முழுதாக மிதித்தால் சக்கரம் நின்றது. கொஞ்சம் திருப்பிக்கொண்டே மிதித்தால் கார் சுழன்றது. திறந்த சக்கரக் கார் என்பதால் முன் டயர் நின்றுபோவது கண்ணுக்கு நேராகத் தெரியும். பின் டயர் நிற்பது தெரியாது. வால் கிளம்பிய பிறகுதான் தெரியும். இறக்கை இல்லாத அந்தக் கார்களில் எடை முன்னால் சாய்வதும் திரும்பி வருவதும் எந்தத் திரையும் போடாமல் வெளிப்பட்டன. செட்டப்பில் பிரேக் பங்கை ஒன்றிரண்டு சதவீதம் மாற்றினால் கார் வளைவுக்குள் நுழையும் விதம் மாறியது. அதற்குப் பக்கத்திலேயே, எஞ்சினின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் அமைப்புகளும் இருந்தன. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் எஞ்சின் பின் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. அதுவும் ஒரு பின் பிரேக்தான். அவசரமாகக் கீழ் கியர் போட்டால் மெனுவில் 57 என்று இருந்தாலும் சக்கரத்தில் பங்கு இன்னும் பின்னால் போயிருக்கும். பிரேக் பேலன்ஸ் தனி எண் அல்ல, பல எண்களின் கூட்டுக்குடும்பத்தில் ஒன்று என்று அந்த ஆட்டம் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. கேமர் பின்னாளில் ஜான் ஹென்றியோடு சேர்ந்து 2004-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஐரேசிங். 2008-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது.

இதற்கிடையில் ஜப்பானில் வேறொரு கிளை ஓடியது. 1997 டிசம்பர் 23 அன்று பிளேஸ்டேஷனுக்கு வந்த 'கிரான் டூரிஸ்மோ'வை உருவாக்கிய கசுனோரி யமவுச்சி, பந்தயக் கார்களிலிருந்து தொடங்கவில்லை. தெருவில் ஓடும் கார்களிலிருந்து தொடங்கினார். தெருக் காரில் பேலன்ஸ் பார் கிடையாது. ஆகவே கிரான் டூரிஸ்மோ வரிசையில் 'பிரேக் பேலன்ஸ் கண்ட்ரோலர்' கடையில் காசு கொடுத்து வாங்கும் உதிரிபாகமாக வந்தது. பந்தயம் ஜெயித்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கிக் காரில் மாட்டினால்தான் அமைப்பு திறக்கும். கார்ப் பிரியர்கள் மெய்யாகவே செய்வதும் அப்படித்தானே! எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை தெரிகிறது.

ஆனால் அதன் பழைய பதிப்புகளில் பங்கு ஒரே எண்ணாக இல்லை. முன்னுக்கு ஓர் எண், பின்னுக்கு ஓர் எண், இரண்டும் தனித்தனி. 'கிரான் டூரிஸ்மோ 5'-இல் இரண்டும் 5 என்று இருக்கும். 10 வரை ஏற்றலாம். இரண்டையும் சேர்த்தே ஏற்றலாம் என்பதுதான் சிக்கல். அப்படி ஏற்றினால் கை வைப்பது பங்கிலா பலத்திலா என்று தெளிவில்லாமல் போகிறது. பிரேக் பேலன்ஸைப் பலம் என்று நினைக்கும் குழப்பம் ஒரு தலைமுறைக்கே தொற்றியதில் இந்த இரட்டை எண்ணுக்குப் பங்கு உண்டு என்பேன். 'கிரான் டூரிஸ்மோ 7'-இல் அது ஒரே கோடாகிவிட்டது: நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் 5, மறுபக்கம் 5. ஓடும்போதே மாற்றலாம். பேலன்ஸ் பாரின் இயல்பு அதுதான்; ஆட்டம் சுற்றிவந்து கடைசியில் கருவியின் வடிவத்தையே பிடித்தது.

ஓடும்போதே மாற்றுவது வந்ததும் விளையாட்டே கனத்துவிட்டது. முன்பு பந்தயத்துக்கு முந்தைய முடிவாக இருந்தது, இப்போது பந்தயத்துக்குள் எடுக்கும் முடிவு. அதே நேரத்தில் கால் பக்கமும் மாறியது. கீபோர்டில் பிரேக் என்றால் முழுசு அல்லது ஒன்றுமில்லை. அரைகுறையாக மிதிக்க வழி கிடையாது. அனலாக் குச்சிகளும் பெடல்களும் வந்த பிறகே லாக் ஆகும் விளிம்பைக் காலால் தேட முடிந்தது. அடுத்து லோட் செல் பெடல்கள். அவை பெடல் எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதில்லை. கால் எவ்வளவு அழுத்தியது என்று அளக்கின்றன. மெய்யான பந்தயக் காரின் பிரேக் பெடலும் அதிகம் நகராது, அழுத்தத்துக்குத்தான் கட்டுப்படும். லோட் செல் பெடல் இருந்தால் அரைச் சதவீத மாற்றத்துக்கும் பொருள் உண்டு. இல்லையென்றால் காலின் தடுமாற்றமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

வீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு ஒரு குறை தீரவில்லை. மெய்யான காரில் வால் கிளம்புவதை முதலில் சொல்வது இருக்கை. கண் பார்ப்பதற்குள் இடுப்புக்குத் தெரிந்துவிடும். அசையாத நாற்காலியில் அந்தச் செய்தி வராது. ஸ்டியரிங்கின் ஃபோர்ஸ் ஃபீட்பேக் முன் டயர் லாக் ஆனதைச் சட்டென்று கை தளர்ந்து சொல்லும். பின் டயரைப் பற்றி அது சொல்வது தாமதமாகத்தான். இதனால் சிமுலேட்டரில் பங்கை முன்பக்கமாகச் சற்றுத் தள்ளி வைப்பது கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல. குறைவான தகவலோடு ஓட்டுகிறவர் கூடுதல் எச்சரிக்கை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஏபிஎஸ் உள்ள ஜிடி3 வகைப் பந்தயக் கார்களில் இதே எண் வேறு வேலை செய்கிறது. சக்கரம் லாக் ஆவதைக் கருவி பார்த்துக்கொள்வதால், பங்கை மாற்றுவது பிரேக்கை விட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழையும் அந்தச் சில நொடிகளுக்காக. பின்னால் கொஞ்சம் நகர்த்தினால் வால் இலகுவாகி மூக்கு உள்ளே திரும்பும். மிகையானால் கார் கையை மீறும். எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே 911-இல் எண் இயல்பாகவே பின்பக்கம் சாய்ந்திருக்கும். எடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எனவே ஒரு காருக்கு ஒருவர் சொன்ன எண்ணை இன்னொரு காருக்கு எடுத்துப் போவதில் பயனே இல்லை.

ஃபார்முலா 1-இல் கதை இன்னும் ஒரு திருப்பம் எடுத்தது. 2014-இல் ஹைப்ரிட் எஞ்சின்கள் வந்தன. 120 கிலோவாட் மின்மோட்டார் பிரேக் பிடிக்கும்போது பின் அச்சிலிருந்து சக்தியை உறிஞ்சியது. அந்த உறிஞ்சலே ஒரு பிரேக். பேட்டரி நிலையைப் பொறுத்து அது கூடும் குறையும். ஓட்டுநரின் காலால் இதை ஈடுசெய்ய முடியாது என்பதால் பின் பிரேக்கைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்க அனுமதி வந்தது. அந்த ஆண்டு கனடாவில் இரண்டு மெர்சிடீஸ் கார்களிலும் மோட்டார் கைவிட்டது. பின் பிரேக் தனியாக முழுச் சுமையும் தாங்க நேர்ந்தது. ஹாமில்டன் பிரேக் போய் விலகினார். டேனியல் ரிக்கார்டோ தன் முதல் வெற்றியை எடுத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் நடுவில் வந்ததும் பங்கு ஒரே மிதிக்குள்ளேயே நகரத் தொடங்கியது. மணிக்கு 300 கிலோமீட்டரில் இறக்கைகள் காரைத் தரையோடு அழுத்துகின்றன. பிரேக் வலுவாகப் பிடிக்கலாம். எடை அதிகமாக முன்னால் சாய்கிறது. வேகம் இறங்க இறங்க அழுத்தமும் இறங்குகிறது, சாய்வும் குறைகிறது. அதாவது மிதியின் தொடக்கத்தில் சரியாக இருந்த பங்கு முடிவில் சரியில்லை. கால் தளரத் தளரப் பங்கு தானாகப் பின்னால் வழுக்கும்படி வைப்பதைப் பிரேக் மைக்ரேஷன் என்கிறார்கள். இன்றைய சில சிமுலேட்டர்களின் ஃபார்முலா 1 கார்களில் அதுவும் ஓர் அமைப்பாக வந்துவிட்டது. பேலன்ஸ் எங்கே தொடங்குவது என்று ஓர் எண், எவ்வளவு நகர்வது என்று இன்னோர் எண்.

இவற்றை எல்லாம் பழக வேண்டுமென்றால் ஒரு வழி சொல்வேன். பழக்கமான டிராக்கில், ஏபிஎஸ் இல்லாத ஒரு காரை எடுங்கள். நேர்கோட்டில் பலமாக மிதித்து முன் டயர் முதலில் லாக் ஆகும்படி எண்ணை முன்னால் வையுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அரைச் சதவீதம் பின்னால். ஓர் இடத்தில் வால் முதன்முதலாக லேசாக அசையும். அங்கிருந்து ஒரு சதவீதம் முன்னால் வந்து நில்லுங்கள். டயர் குளிர்ந்திருக்கும் முதல் சுற்றுக்கு இன்னும் கொஞ்சம் முன்னால். மழை தூறினால் பின்னால். டேங்க் காலியாகும்போது டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எந்த அச்சின் சுமை குறைந்ததோ அந்தப் பக்கத்துப் பங்கைக் குறையுங்கள்.